ஏற்ற இறக்க ஊரில் மைலேஜ் கணக்கு

களியக்காவிளை வட்டாரத்துப் பெட்ரோல் பம்புகளில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால், டி.என். 75 வண்டிகளுக்கு நடுவே கே.எல். 19, கே.எல். 20 வண்டிகளும் வரிசையில் நிற்பதைக் காணலாம். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் பதிவான நம் ஊர் வண்டிகள் அவை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அன்று விழுந்த எல்லைக்கோடு இன்று பெட்ரோல் விலையிலும் தெரிகிறது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. கேரள அரசு 2023 ஏப்ரல் 1 முதல் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் போட்டது. ஆக, தமிழ்நாட்டுப் பக்கம் லிட்டருக்கு நான்கைந்து ரூபாய் மலிவு.

அப்படிப் போய் நிரப்புகிறவர்களிடம் வண்டி என்ன மைலேஜ் தருகிறது என்று கேட்டுப் பாருங்கள். "பதினெட்டு, இருபது கிட்டும்" என்பார்கள். பதினெட்டுக்கும் இருபதுக்கும் நடுவே பத்து சதவீதம் இருக்கிறது. பெட்ரோல் விலையில் சொன்னால் லிட்டருக்குப் பத்து ரூபாய். எல்லை தாண்டி மிச்சம் பிடிப்பதைப்போல இரண்டு மடங்கு, நம் கணக்கில்லாத்தனத்திலேயே போய்க்கொண்டிருக்கலாம். அதனால்தான் இந்த அத்தியாயத்தில் அளப்பதை முதலில் வைத்திருக்கிறேன். அளக்காமல் மைலேஜைக் கூட்டப் பார்ப்பது, எடை பார்க்காமல் பத்தியம் இருப்பது போன்றது.

கம்பெனி சொல்லும் எண்

ஆல்டோ கே10 மாடலின் சாதாரண கியர் வண்டிக்கு 24.39, ஒரு லிட்டர் எஞ்சின் வேகன் ஆருக்கு 24.35, 2024இல் வந்த புதிய ஸ்விஃப்டுக்கு 24.80 என்று விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். அங்கீகரிக்கப்பட்ட சோதனைக்கூடத்தில் எடுத்த எண்கள்தான் இவை. பொய்யில்லை. ஆனால் வண்டி அங்கே சாலையில் ஓடுவதில்லை, உருளைகளின் மேல் நின்ற இடத்திலேயே ஓடுகிறது. எத்தனை விநாடி எந்த வேகம் என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்டது. உச்ச வேகமே மணிக்கு 90 கி.மீ.தான். ஏசி போடுவதில்லை. உருளைக்கு ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது.

நம் வெள்ளறடையில் சமநிலமான சாலை கால் கிலோமீட்டர் கிடைத்தாலே அதிகம். பாறசாலையில் தொடங்கி வெள்ளறடை வழியாக வடக்கே காசர்கோடு வரை நீளும் மலையோர நெடுஞ்சாலை, பெயருக்கேற்ப மலையோரமாகவே போகிறது. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறி, வளைந்து, இறங்கி, மறுபடி ஏறும் சாலை. அம்பூரிப் பக்கம் போனால் இன்னும் அதிகம். ஆகவே கம்பெனி எண்ணை இரண்டு வண்டிகளை ஒப்பிட்டு வாங்குவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டிக்கு உங்கள் சாலையில் எடுத்த எண்தான் உங்கள் எண்.

அளக்கும் முறை

டேங்க் ஃபுல் முறையைவிட நல்ல முறை வீட்டில் இருக்கிறவருக்குக் கிடையாது. டேங்கை நிரப்பி டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். ஓட்டுங்கள். டேங்க் முக்கால்வாசி காலியானதும் மறுபடி நிரப்புங்கள். இடையில் ஓடிய கிலோமீட்டரை, இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ். 384 கி.மீ. ஓடி 24 லிட்டர் பிடித்தால் 16. இவ்வளவுதான் கணக்கு. தப்பு வருவதெல்லாம் நிரப்புகிற இடத்தில்.

நாசில் 'டக்' என்று தானாக நிற்கும் அந்த ஆட்டோ கட்டைக் கவனியுங்கள். மீட்டர் 2,463 ரூபாய் காட்டுகிறது. பம்பில் நிற்கும் தம்பி நம் முகத்தைப் பார்ப்பார். "ரவுண்டாக்கிரட்டா அண்ணா?" நாமும் தலையாட்டுவோம். நாசிலை லேசாகத் தூக்கிப் பிடித்து, சொட்டுச் சொட்டாக 2,500 வரை விடுவார். அந்த 37 ரூபாயில் ஏறுவது முந்நூறு, நானூறு மில்லி. சென்ற முறை முதல் கட்டிலேயே நிறுத்தி, இந்த முறை ரவுண்டாக்கினால் 24 லிட்டரில் 0.4 லிட்டர் பிழை. மைலேஜில் அது கால் கிலோமீட்டருக்குமேல் தெரியும். வெறும் எட்டு லிட்டர் பிடிக்கும்போது இதே பிழை நேர்ந்தால் முக்கால் கிலோமீட்டருக்குமேல் ஆடிவிடும். அதனால் இரண்டு விதிகள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டிலேயே நிறுத்தச் சொல்லுங்கள், எப்போதும். டேங்க் நன்றாகக் குறைந்த பிறகே அளவுக்கு நிரப்புங்கள். கழுத்துவரை நிரப்புவது அளவுக்கும் கெடுதல், டேங்கின் ஆவிக் குழாய்க்கும் கெடுதல்.

பம்பும் ஒன்றாகவே இருக்கட்டும். முடிந்தால் அதே மெஷின், வண்டி நிற்கும் திசையும் அதே. நம் பக்கத்துப் பம்புகளின் தளம் பல இடங்களில் சாலைச் சரிவோடு சேர்ந்தே சரிந்திருக்கும். மூக்கு தாழ்ந்து நிற்கும் வண்டியும் மூக்கு உயர்ந்து நிற்கும் வண்டியும் ஒரே இடத்தில் கட் ஆவதில்லை.

எப்போதும் டேங்க் நிரப்பக் கையில் காசு இருக்காது, தெரியும். பாதிப்பேர் "ஐந்நூறுக்குப் போடுங்க" என்றுதான் சொல்வோம். பரவாயில்லை. இரண்டு முழு டேங்குக்கு நடுவே எத்தனை முறை ஐந்நூறுக்குப் போட்டாலும் லிட்டரைக் குறித்து வைத்து, கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளலாம். தொடக்கமும் முடிவும் மட்டும் முழு டேங்காக இருக்க வேண்டும். ரிசர்வ் விளக்கு எரிந்ததிலிருந்து மறுபடி எரியும்வரை கணக்குப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சமநிலத்திலேயே அது துல்லியமில்லை. நம் ஊரில் ஓர் ஏற்றத்தில் எரிந்து அடுத்த இறக்கத்தில் அணைகிற விளக்கு அது.

சராசரி எடுப்பதிலும் ஒரு தப்பு சகஜமாக நடக்கிறது. ஊருக்குள் 300 கி.மீ. ஓடியபோது 12 கிடைத்தது, நெடுஞ்சாலையில் 300 கி.மீ. ஓடியபோது 20 கிடைத்தது என்றால் சராசரி 16 என்று சொல்லிவிடுவோம். சரியில்லை. முதலாவதுக்கு 25 லிட்டர், இரண்டாவதுக்கு 15 லிட்டர். மொத்தம் 600 கி.மீ., 40 லிட்டர். சராசரி 15தான். மைலேஜ்களைக் கூட்டி வகுக்காதீர்கள். கிலோமீட்டரைத் தனியாகவும் லிட்டரைத் தனியாகவும் கூட்டி, பிறகு வகுங்கள். குறைந்தது மூன்று டேங்க் சேர்ந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

இதோடு ஒட்டியே இன்னொன்று. 12லிருந்து 15க்கு உயர்த்துவதும் 20லிருந்து 25க்கு உயர்த்துவதும் ஒன்றல்ல. ஆயிரம் கிலோமீட்டருக்கு முதலாவதில் மிச்சம் ஏறக்குறைய 17 லிட்டர், இரண்டாவதில் 10 லிட்டர். மோசமாக ஓடும் கிலோமீட்டர்களைத் திருத்துவதில்தான் காசு இருக்கிறது. நெடுஞ்சாலையில் 20ஐ 21 ஆக்க மெனக்கெடுவதைவிட ஊருக்குள் ஓடும் 12ஐக் கவனிப்பது மேல்.

டேஷ்போர்டில் வரும் மைலேஜ் எண் எஞ்சினுக்குள் பீய்ச்சிய பெட்ரோலைக் கணினி கணக்குப் போட்டுக் காட்டுவது. பல வண்டிகளில் கொஞ்சம் கூட்டியே காட்டும். உங்கள் நோட்டுக் கணக்கோடு மூன்று டேங்க் ஒப்பிட்டு, எவ்வளவு கூட்டுகிறது என்று தெரிந்துகொண்டால் அதன்பின் அதையும் பயன்படுத்தலாம். ஓடோமீட்டரையும் ஒருமுறை நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கற்களோடு இருபது கிலோமீட்டராவது ஓட்டிச் சரிபாருங்கள். டயர் தேய்ந்தால் ஓடோமீட்டர் அதிகம் காட்டும். ஆல்டோ டயரில் ஆறு மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டம் பன்னிரண்டு மில்லிமீட்டர் குறைகிறது. அது இரண்டு சதவீதம். புது டயர் போட்டதும் மைலேஜ் குறைந்ததாகப் புலம்புகிறவர்களுக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

பம்பில் அளவு குறைகிறதோ என்று சந்தேகம் வந்தால் அடுத்த பம்புக்கு ஓட வேண்டாம். ஒவ்வொரு பம்பிலும் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்க வேண்டும். கேட்டால் உங்கள் முன்னே அதில் பிடித்துக் காட்ட வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லிவரை வித்தியாசத்தை விதி அனுமதிக்கிறது. அதற்கு மேல் குறைந்தால் கேரளத்தில் லீகல் மெட்ராலஜி துறையிடமும் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையிடமும் புகார் கொடுக்கலாம். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், அது வாடிக்கையாளரின் உரிமை. விடியற்காலையில் நிரப்பினால் பெட்ரோல் அதிகம் கிடைக்கும் என்பதை மட்டும் நம்ப வேண்டாம். பெட்ரோல் தேங்குவது பூமிக்கடியில் உள்ள தொட்டியில். அங்கே காலைக்கும் மதியத்துக்கும் வெப்பம் அவ்வளவு மாறுவதில்லை.

ஏற்றமும் இறக்கமும்

இனி மைலேஜைக் கூட்டும் வழிக்கு வருவோம். நம் ஊரைப் பொறுத்தவரை இதில் முக்கால் பங்கு ஏற்ற இறக்கத்தில் கால் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான்.

இரண்டு பேர் உட்கார்ந்த சின்னக் கார் ஏறக்குறைய ஆயிரம் கிலோ. அதை நூறு மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஆகும் சக்தியைக் கணக்குப் போட்டு, பெட்ரோலில் உள்ள சக்தியில் கால் பங்கைத்தான் எஞ்சின் சக்கரத்துக்குக் கொடுக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நூறு மீட்டர் ஏற 120 மில்லி பெட்ரோல் கூடுதலாக எரிகிறது. சமநிலத்தில் அதே பெட்ரோலில் இரண்டு கிலோமீட்டர் போயிருக்கலாம். ஏற்றத்தைத் தவிர்க்க முடியாது. ஆனால் ஏறும்போது சேர்த்த உயரத்தை இறங்கும்போது திருப்பி வாங்கலாம். பிரேக்கை அழுத்தினால் அது வெறும் சூடாகிப் போய்விடும்.

ஆகவே ஏற்றத்தின் உச்சிக்கு ஐம்பது மீட்டர் முன்பே ஆக்சிலேட்டரைத் தளர்த்தத் தொடங்குங்கள். உச்சியில் வேகம் குறைந்திருக்கட்டும், இறக்கம் அதைக் கூட்டித் தரும். உச்சியில் அறுபதில் போய் இறங்கினால் அடுத்த வளைவில் பிரேக் மிதிக்காமல் வழியில்லை. இறக்கத்தின் அடிவாரம் நேராகவும் ஆளில்லாமலும் இருந்தால், அந்த ஓட்டத்தை அடுத்த ஏற்றத்துக்குக் கொண்டுபோங்கள். அடிவாரத்தில் பள்ளிக்கூடமோ கடைத்தெருவோ இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், மெதுவாகப் போங்கள்.

ஏறும்போது கியரை இறக்கத் தயங்காதீர்கள். மேல் கியரில் போனால் மைலேஜ் என்ற பாடம் சமநிலத்துக்கு உரியது. நான்காம் கியரில் வண்டி உடம்பை உலுக்கி முக்கி ஏறினால், ஆக்சிலேட்டர் தரைவரை போயிருக்கும், பெட்ரோலும் தாராளமாகப் போய்க்கொண்டிருக்கும். மூன்றாம் கியருக்கு வந்து பாதி மிதியில் ஏறினால் குறைவாகவே எரியும். ஆர்.பி.எம். முள் இல்லாத வண்டி என்றால் எஞ்சின் சத்தமும் கியர் கம்பியில் வரும் அதிர்வும் சொல்லிவிடும்.

இறக்கத்தில் நியூட்ரல் போடும் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். கார்புரேட்டர் வண்டிகள் ஓடிய காலத்தில் அது பெட்ரோல் மிச்சம் என்று ஓட்டுநர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகள் வேறு மாதிரி. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சின் வேகம் ஐட்லிங் பக்கம் இறங்கும்வரை கணினி பெட்ரோலை முழுக்க நிறுத்திவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரல் போட்டால் எஞ்சின் நின்றுவிடாமல் இருக்கப் பெட்ரோல் பாய்ந்தாக வேண்டும், நிமிடத்துக்கு ஏறக்குறைய பத்து மில்லி. மிச்சம் என்று நினைத்துச் செலவு செய்கிறோம். அதைவிடப் பெரிய விஷயம், எஞ்சின் பிடிமானம் இல்லாமல் முழுப் பாரமும் பிரேக்கில் விழுகிறது. ரப்பர் இலை உதிர்ந்து கிடக்கும் மழை ஈரச் சாலையில், வளைவுக்கு முன் வண்டியைப் பிடித்து நிறுத்துவது கியர்தான். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

பிரேக்கின் விலையையும் தெரிந்துகொள்ளுங்கள். அறுபது கி.மீ. வேகத்தில் வரும் ஆயிரம் கிலோ வண்டியை நிறுத்தி மறுபடி அறுபதுக்குக் கொண்டுவர 17 மில்லி பெட்ரோல். வெள்ளறடை டிப்போவிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, முந்தப் பார்த்து, முடியாமல் மறுபடி நின்றால் பத்தே நிறுத்தத்தில் 170 மில்லி காலி. பஸ்ஸை நாற்பது, ஐம்பது மீட்டர் முன்னால் விட்டுவிட்டு அதன் போக்கிலேயே உருண்டு போனால் பெரும்பாலும் முதல் கியருக்கே வர வேண்டியிருக்காது.

களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாகத் தேசிய நெடுஞ்சாலை 66இல் போகும்போது வேகம்தான் கணக்கு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. அறுபதில் இருப்பதைவிட எண்பதில் அது ஒன்றே முக்கால் மடங்கு. பி.சி.ஆர்.ஏ. என்னும் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் 45 முதல் 55 கி.மீ. வேகத்தைப் பரிந்துரைக்கிறது. கேரியரைக் கூரைமேல் சும்மா சுமக்காதீர்கள், கழற்றி வீட்டில் வையுங்கள். கடைக்குக் கொண்டுபோக டிக்கியில் ஏற்றிய ரப்பர் ஷீட்டையும் விலை ஏறட்டும் என்று ஒரு வாரம் டிக்கியிலேயே வைத்திருக்காதீர்கள். சமநிலத்துக்காரருக்கு ஐம்பது கிலோ பெரிதல்ல. நாம் அதை ஒவ்வொரு ஏற்றத்திலும் தூக்குகிறோம்.

குறுகிய ஓட்டங்கள் அடுத்த ஓட்டை. எஞ்சின் சூடேறும்வரை பெட்ரோலைக் கூடுதலாகவே குடிக்கும். சரியான சூட்டுக்கு வர நாலைந்து கிலோமீட்டர் ஆகும். காலையில் பால் வாங்க, பத்து மணிக்கு ரேஷன் கடைக்கு, மாலையில் காரக்கோணம் மருத்துவக் கல்லூரியில் ஒரு ரிப்போர்ட் வாங்க என்று மூன்று முறை குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவதைவிட, ஒரே சுற்றில் முடிப்பது மைலேஜை நேரடியாகக் கூட்டும். தூரமான இடத்துக்கு முதலில் போய், திரும்பும் வழியில் பக்கத்துக் கடைகளை முடியுங்கள். அப்போது எஞ்சின் சூடாகவே இருக்கும்.

வண்டியைப் பார்ப்பது

டயர் காற்றைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாகும் முன் பாருங்கள். எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. பம்பில் காற்றடிப்பவர் எல்லா வண்டிக்கும் போடும் எண்ணை ஏற்காதீர்கள். அளவுக்கு மேல் அடித்தால் மைலேஜ் இம்மி கூடும், ஆனால் மழைச் சாலையில் பிடிப்பு குறையும். இந்த வியாபாரம் நமக்கு வேண்டாம்.

மழை ஊரில் பலர் கவனிக்காதது, ஒட்டிக்கொண்ட பிரேக். இடவப்பாதி மழையில் ஹேண்ட்பிரேக் போட்டு இரண்டு நாள் நிறுத்திய வண்டியின் பின் டிரம்மில் ஷூ பிடித்துக்கொள்ளும். முழுக்க விடாமலே ஓடும். பத்து கிலோமீட்டர் ஓட்டி, கடைசியில் பிரேக் அதிகம் பிடிக்காமல் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கேதான் பெட்ரோல் எரிந்துகொண்டிருக்கிறது. உடனே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். மழைக்காலத்தில் சமநிலத்தில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்குக்குப் பதில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைப்பது நல்லது.

ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் ஏறும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்ஜெக்‌ஷன் வண்டியில் அடைத்த ஃபில்டர் இழுவையைக் குறைக்கும், மைலேஜை அவ்வளவாகத் தொடாது. எஞ்சினைக் காக்க உரிய காலத்தில் மாற்றுங்கள். மைலேஜ் திடீரென்று விழுந்தால் பார்க்க வேண்டியவை ஸ்பார்க் பிளக், ஆக்சிஜன் சென்சர், தெர்மோஸ்டாட், வழுக்கும் கிளட்ச், குழியில் விழுந்து மாறிப்போன வீல் அலைன்மென்ட். பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை ஆகியவற்றுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

எத்தனால் கலப்பைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். இப்போது பம்பில் வருவது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் இருப்பது பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு சக்தி. பத்து சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த பழைய கார்களில் மைலேஜ் ஆறேழு சதவீதம் குறையலாம் என்று 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட கலப்புத் திட்ட அறிக்கையே சொன்னது. ஐந்து வருடம் முன்பு 17 கொடுத்த வண்டி இன்று 16 கொடுத்தால் மெக்கானிக்கைக் குறை சொல்ல வேண்டாம். எத்தனால் தண்ணீரை இழுக்கும் என்பதால் டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மழைக்கு முன் மாற்றிவிடுங்கள்.

எல்லை தாண்டுவது லாபமா?

இப்போது உங்கள் கையில் எண் இருக்கிறது, பதில் சொல்லலாம். மைலேஜ் 16, வித்தியாசம் ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலுக்காக மட்டும் போக வர 16 கி.மீ. ஓடினால் ஒரு லிட்டர், நூறு ரூபாய்க்குச் சற்று மேல். 25 லிட்டர் நிரப்பினால் மிச்சம் 125, கையில் நிற்பது இருபது ரூபாய். பத்து லிட்டர் நிரப்பினால் ஐம்பது ரூபாய்க்குமேல் நஷ்டம். பனச்சமூடு, அருமனை, களியக்காவிளைப் பக்கம் வேறு வேலையாகப் போகும்போது நிரப்புங்கள், முழு லாபம். அதற்கென்றே போகாதீர்கள். எந்தப் பக்கம் நிரப்பினாலும் அளவுக் கணக்குக்கு உரிய முழு டேங்கை மட்டும் ஒரே பம்பில் போடுங்கள்.

நோட்டில் மாதத்தையும் எழுதுங்கள். ஜூன் மழையில் எடுத்த எண்ணை ஏப்ரலோடு ஒப்பிடாதீர்கள். ஈரச் சாலையும், கண்ணாடி மங்காமலிருக்கப் போடும் ஏசியும் சேர்ந்து மைலேஜைக் குறைத்தே தீரும். ஜூனை முந்தைய ஜூனோடு ஒப்பிடுங்கள். நம் சாலைகளில், சுற்றுப் பயணங்களும் ஊர் ஓட்டமும் கலந்து, ஒரு லிட்டர் எஞ்சின் பெட்ரோல் கார் 15 முதல் 18 வரை கொடுத்தால் அது நல்ல உடல்நிலையில் இருக்கும் வண்டி என்பது என் அனுபவம். அந்த எண் மூன்று டேங்க் தொடர்ந்து ஒன்றரை கிலோமீட்டர் விழுந்தால் மட்டும் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். போகும்போது நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். "மைலேஜ் கிட்டல்ல" என்று சொல்கிறவரைவிட, எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு விழுந்தது என்று காட்டுகிறவரின் வண்டியில் மெக்கானிக் கோளாறைச் சீக்கிரம் கண்டுபிடிப்பார்.